புத்தேயோலியில் ஏழு நாட்கள்



அப்போஸ்தலருடைய நடபடிகளின் கடைசி அதிகாரத்தை நீங்கள் பலமுறை வாசித்திருப்பீர்கள். மெலித்தா தீவில் விரியன் பாம்பு பவுலின் கையைக் கவ்வியதையும், புபிலியுவின் தகப்பன் ஜெபத்தினால் சுகமடைந்ததையும் நாம் மறப்பதில்லை. அதற்குப் பின் வரும் 11 முதல் 15 வரையிலான வசனங்களையோ ஊர்ப்பெயர்களின் பட்டியல் என்றெண்ணி வேகமாகக் கடந்துவிடுகிறோம். சீரகூசா, ரேகியு, புத்தேயோலி, அப்பியுபுரம், மூன்று சத்திரம் என்று பெயர்கள் ஓடுகின்றன. ஆயினும் அந்தப் பெயர்களுக்கு நடுவே, ஊரைவிட்டு வந்து பட்டணத்தில் பிழைக்கிற நமக்கென்றே எழுதப்பட்டதுபோல் ஒரு செய்தி இருக்கிறது. கைதியாகக் கொண்டுபோகப்பட்ட பவுல், முன்பின் அறியாத ஒரு துறைமுகத்தில் இறங்கினார். அங்கே சகோதரர் இருந்தார்கள். அவர்கள் அவரைத் தங்களோடு ஏழு நாள் தங்கும்படி கேட்டுக்கொண்டார்கள்.

அந்தப் புத்தேயோலி இன்றும் இருக்கிறது. இத்தாலி நாட்டின் நேப்பிள்ஸ் மாநகருக்கு மேற்கே, ரயிலில் அரைமணி நேரத் தொலைவில், பொட்சுவோலி என்னும் பெயரோடு கடலோரத்தில் நிற்கிறது. வாருங்கள், அந்த மாநகரையும், அதையடுத்த மலைக்கரையையும், கடைசியாகப் பவுல் இறங்கிய துறையையும் ஒருமுறை சுற்றிவருவோம். உங்களில் சிலர் கப்பலில் வேலை செய்கிறவர்கள். நேப்பிள்ஸ் துறைமுகத்தை ஏற்கெனவே கண்டிருப்பீர்கள். மற்றவர்கள் இந்தப் பக்கங்களின் வழியாகவே நடந்துவரலாம். இதற்கு விசா வேண்டியதில்லை.

புதிய நகரம் என்னும் பழைய நகரம்

நேப்பிள்ஸ் என்னும் பெயர் 'நெயாபோலிஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. புதிய நகரம் என்பது அதன் பொருள். பவுல் மக்கெதோனியாவுக்குச் சென்றபோது கரையேறிய நெயாப்போலியும் இதே பொருளுடைய பெயர்தான். ஆனால் அது கிரேக்க நாட்டில் இருக்கிற வேறோர் ஊர். இத்தாலியின் இந்தப் 'புதிய நகரம்' கிரேக்கக் குடியேறிகளால் நிறுவப்பட்டு 2,400 ஆண்டுகளுக்கும் மேலாகிறது. வந்தேறிகளால் கட்டப்பட்ட ஊர் என்பதை அதன் பெயரே சொல்லிக்கொண்டிருக்கிறது.

கப்பல் விரிகுடாவுக்குள் நுழையும்போது முதலில் உங்கள் கண்ணில் படுவது வெசுவியஸ் எரிமலை. கடைசியாக அது 1944-ல் குமுறியது. கி.பி. 79-ல் பொம்பேயி பட்டணத்தைச் சாம்பலுக்குள் புதைத்ததும் இதே மலைதான். பவுலின் கப்பல் இந்த விரிகுடாவுக்குள் வந்தது அதற்குச் சுமார் 18 ஆண்டுகளுக்கு முன்பு. அன்று அது பசுமையான ஒரு மலையாகவே தோன்றியிருக்கும். அடிவாரத்தில் திராட்சத்தோட்டங்களை வைத்து வாழ்ந்தவர்கள் தங்கள் முடிவை அறியாதிருந்தார்கள்.

துறைமுகத்திலிருந்து நகருக்குள் நடந்தால் ஸ்பக்கநாப்போலி என்னும் தெருவை அடைவீர்கள். 'நேப்பிள்ஸைப் பிளப்பது' என்று பொருள். உயரத்திலிருந்து பார்க்கும்போது பழைய நகரைக் கத்தியால் இரண்டாகக் கீறியதுபோல் தெரிவதால் இப்பெயர் பெற்றது. இந்தப் பழைய நகரப்பகுதியை யுனெஸ்கோ நிறுவனம் 1995-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆனால் அது அருங்காட்சியகத்தைப்போல் அமைதியாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஆறடி அகலச் சந்திலும் ஸ்கூட்டர்கள் ஒலியெழுப்பிக்கொண்டு புகுந்து செல்கின்றன. இரண்டு பக்கத்து மாடிகளுக்கும் நடுவே துணிகள் காய்கின்றன. மீன்காரரும் காய்கறிக்காரரும் உரத்த குரலில் கூவுகிறார்கள். கட்டடங்களின் தரைத்தளத்தில், தெருவைப் பார்த்த ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்கிறது. 'பாஸ்ஸோ' என்று அந்த அறைக்குப் பெயர். சமையலும் படுக்கையும் பிள்ளைகளின் படிப்பும் அதற்குள்ளேயே. மும்பையின் சாலில் குடியிருந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

மூலைக்கு மூலை சுரூபங்களும், கால்பந்து வீரர் மரடோனாவின் படங்களும் அங்கே சுவர்களில் இருக்கின்றன. விசுவாசிகளாகிய நாம் அவற்றைக் கண்டு முகஞ்சுளிக்கக்கூடும். ஆனால் முகஞ்சுளித்துக்கொண்டே நடக்கிறவன் அந்தத் தெருக்களில் காணவேண்டிய வேறு சிலவற்றைக் காணாமற்போய்விடுவான்.

நேப்பிள்ஸ் காபிக்கடைகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒருவர் ஒரு காபி குடித்துவிட்டு இரண்டு காபிக்குப் பணம் கொடுப்பார். இரண்டாவது காபி, கையில் காசில்லாமல் பின்பு வருகிற யாரோ ஒருவருக்காக. அதை 'காத்திருக்கும் காபி' எனலாம். ஏழை ஒருவர் வாசலில் நின்று, காத்திருக்கும் காபி உண்டா என்று கேட்பார்; உண்டென்றால் உள்ளே வந்து மற்றவர்களைப்போல் நின்று குடித்துவிட்டுப் போவார். கொடுத்தவர் பெற்றவரைக் காண்பதில்லை. பெற்றவர் கொடுத்தவருக்கு முன் தலைகுனிய வேண்டியதும் இல்லை. இன்னொன்றும் உண்டு. மாடிவீட்டுப் பெண்கள் கயிற்றில் கட்டிய கூடையை இறக்கி, கீழேயுள்ள கடையிலிருந்து பொருள் வாங்கிக்கொள்வது அவ்வூர் வழக்கம். 2020-ல் கொள்ளைநோயினால் ஊர் அடைபட்டிருந்தபோது, அதே கூடையில் சிலர் ரொட்டியும் பாலும் வைத்துத் தெருவுக்கு இறக்கினார்கள். கொடுக்க முடிந்தவர் அதில் வைக்கலாம், இல்லாதவர் அதிலிருந்து எடுக்கலாம் என்று எழுதியும் வைத்தார்கள். வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்க வேண்டும் என்று நம்முடைய ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் கற்பித்தது உங்கள் நினைவுக்கு வருகிறதல்லவா?

இன்று அந்நகரில் வாழும் வெளிநாட்டவரில் மிகப்பெரிய கூட்டத்தார் இலங்கையிலிருந்து சென்றவர்கள் என்பது பலரும் அறியாத செய்தி. பெரும்பாலும் சிங்களர், வீட்டுவேலையும் முதியோரைப் பராமரிக்கும் வேலையும் செய்கிறார்கள். பிழைப்புத் தேடி வருகிறவர்களுக்கு அந்தத் துறைமுகம் இன்னும் வாசலாகவே இருக்கிறது.

தேவர்களின் பாதை

நகரின் இரைச்சல் போதும் என்று தோன்றும்போது, தெற்கே அமால்பிக் கடற்கரைக்குச் செல்லுங்கள். 1997 முதல் இதுவும் உலகப் பாரம்பரியச் சின்னமே. கரை என்றதும் மணற்பரப்பை எண்ண வேண்டாம். மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிற இடம் இது. 19-ஆம் நூற்றாண்டில் கரையோரச் சாலை போடப்படும்வரை, படகும் கோவேறு கழுதைப் பாதைகளுமே இங்கே போக்குவரத்தாக இருந்தன. அந்தப் பழைய பாதைகளில் ஒன்றுதான் இன்று உலகமெங்கும் அறியப்பட்ட நடைபாதையாக விளங்குகிறது. அதன் பெயர் 'தேவர்களின் பாதை.'

பெயரைக் கேட்டுச் சிலர் தயங்கலாம். கிரேக்கக் கட்டுக்கதையின்படி கடற்கன்னிகளிடமிருந்து ஒரு வீரனைக் காப்பாற்றத் தேவர்கள் இவ்வழியே இறங்கினார்களாம். ஆனால் பவுல் புத்தேயோலிக்கு எந்தக் கப்பலில் வந்தார் என்பதைக் கவனித்தீர்களா? மிதுனம் என்னும் அடையாளமுடைய கப்பலில் வந்தார். அது கிரேக்கர் வணங்கிய இரட்டைத் தேவர்களின் அடையாளம். அப்போஸ்தலர் அந்தக் கப்பலில் ஏறமாட்டேன் என்று சொல்லவில்லை. கடலையும் காற்றையும் உண்டாக்கினவர் யாரென்று அவர் அறிந்திருந்தார். நீங்களும் அதே நிச்சயத்தோடு இப்பாதையில் நடக்கலாம்.

அமால்பி ஊரிலிருந்து பேருந்தில் மலையேறினால் அஜெரோலாவின் பொமெரானோ என்னும் சிற்றூரை அடைவீர்கள். கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேலான உயரம். அங்கிருந்து மேற்கு நோக்கி நொசெல்லே என்னும் ஊர்வரை சுமார் 6 முதல் 7 கிலோமீட்டர் நடை. வேகமாக நடப்பவர்களுக்கு இரண்டரை மணி நேரம். நின்று பார்த்து நடப்பவர்களுக்கு நான்கு மணி நேரம் வேண்டும். இத்திசையில் நடந்தால் பெரும்பாலும் இறக்கமாகவே இருக்கும். எதிர்த்திசையில் வருகிறவர்கள் மூச்சிரைக்க ஏறவேண்டும். பாதை சில இடங்களில் ஒருவர் மட்டும் செல்லத்தக்க அகலமுடையது. ஒருபுறம் சுண்ணாம்புப் பாறையும் அதில் ரோஸ்மேரிச் செடியும். மறுபுறம் பள்ளமும் நீலக்கடலும். வானம் தெளிவாக இருந்தால் தூரத்தில் காப்ரித் தீவு தெரியும்.

சில காரியங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் முதல் ஜூன்வரையிலும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் நடப்பது நல்லது. கோடையின் நடுவில் வெயில் கடுமை. வழுக்காத காலணி வேண்டும், செருப்பு போதாது. குடிநீரைத் தவறாமல் கொண்டுசெல்லுங்கள். மழை பெய்த மறுநாள் பாறைகள் வழுக்கும். உயரத்தைக் கண்டால் தலைசுற்றுகிறவர்கள் இதைத் தவிர்ப்பதே நலம்.

பாதைக்குக் கீழே பாருங்கள். மலைச்சரிவு முழுவதும் படிப்படியாகத் தட்டுகள். சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கி எழுப்பிய சுவர்கள் அவற்றைத் தாங்குகின்றன. ஒவ்வொரு தட்டிலும் பாடுபட்டுச் சேர்த்த மண். அதில் எலுமிச்சை மரங்கள். மரங்களுக்கு மேலே செஸ்ட்நட் கழிகளால் கட்டிய பந்தல். இந்தப் பழங்களை முற்காலத்தில் பெண்கள் கூடைகளில் சுமந்து, நூற்றுக்கணக்கான படிகளில் இறங்கிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அப்பெண்களை ஊரார் 'எறும்புகள்' என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். எறும்பினிடத்தில் போய் ஞானம் கற்கும்படி நீதிமொழிகள் சொல்லுகிறதை அறிந்த நமக்கு, அது இகழ்ச்சிப் பெயராகத் தோன்றாது. நொசெல்லேயிலிருந்து கடற்கரைக்கு இறங்க இன்றும் 1,500-க்கும் மேற்பட்ட படிகள் இருக்கின்றன. வெறுங்கையோடு இறங்கினாலே முழங்கால் நடுங்குகிறது. அந்தத் தாய்மார் பாரத்தோடு இறங்கினார்கள், மறுபடியும் ஏறினார்கள்.

கப்பலேறியவர்கள் கொண்டுவந்த அக்கினி

அழகான இடம்தான். ஆனால் அழகு வயிற்றை நிரப்புவதில்லை. தென் இத்தாலியின் மலைக்கிராமங்களில் நிலம் குறைவு, வரி அதிகம், பிள்ளைகள் பலர். 1876 முதல் 1915 வரையிலான 40 ஆண்டுகளில் ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் இத்தாலியர் தங்கள் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். தெற்கிலிருந்து சென்றவர்களில் மிகப்பலர் கப்பலேறிய துறைமுகம் நேப்பிள்ஸ். பெட்டியும் மூட்டையுமாக, எழுதப்படிக்கத் தெரியாமல், பாஷை தெரியாத தேசத்துக்குப் போனார்கள். நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் மருத்துவர்கள் கண்ணிமையைப் பிரட்டிப் பார்த்து, நோயுள்ளவர்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

பிரியமானவர்களே, நம்முடைய பெந்தெகொஸ்தே சரித்திரத்தின் ஒரு கிளை அந்த ஏழைகளின் நடுவிலேதான் முளைத்தது. 1907-ல் சிக்காகோ நகரில் குடியேறியிருந்த இத்தாலியத் தொழிலாளிகளின் ஒரு சிறு கூட்டத்தார் பரிசுத்த ஆவியின் அபிஷேகத்தைப் பெற்றார்கள். அவர்களில் முக்கியமானவராகிய லூயிஜி பிரான்செஸ்கோன், தரையில் மொசைக் கல் பதிக்கும் தொழிலாளி. 1910-ல் அவர் பிரேசில் நாட்டுக்குச் சென்று ஊழியம் செய்தார். அங்கே மாபெரும் சபை எழும்பியது. அதே கூட்டத்தைச் சேர்ந்த ஜாகொமோ லொம்பார்தி 1908-ல் இத்தாலிக்குத் திரும்பி, ரோம் நகரில் சாட்சி கூறினார். பின்பு அமெரிக்காவிலிருந்து ஊருக்குத் திரும்பிய பலர், பணத்தோடு கூட இந்த அனுபவத்தையும் தங்கள் கிராமங்களுக்குக் கொண்டுவந்தார்கள். கற்றறிந்த மிஷனரிமார் செல்லாத தெற்கு மலைக்கிராமங்களில், திரும்பிவந்த கூலித்தொழிலாளிகளின் வீடுகளே சபைகளாயின.

ஆனால் சோதனை வந்தது. 1935 ஏப்ரல் 9-ஆம் தேதி, முசோலினியின் அரசு ஒரு சுற்றறிக்கையினால் பெந்தெகொஸ்தே ஆராதனையை நாடு முழுவதும் தடைசெய்தது. இவ்வகை ஆராதனை மக்களின் உடலுக்கும் மனதுக்கும் கேடு விளைவிக்கும் என்பது அரசு கூறிய காரணம். விசுவாசிகள் சிறையிலடைக்கப்பட்டார்கள், தொலைவான ஊர்களுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். மற்றவர்கள் வீடுகளிலும் காடுகளிலும் மறைவாகக் கூடி, குரலைத் தாழ்த்தி ஜெபித்தார்கள். முசோலினியின் ஆட்சி விழுந்து, 1948-ல் மதச்சுதந்திரம் அளிக்கும் அரசியல் சட்டம் வந்தபின்பும், அந்தச் சுற்றறிக்கை நீங்கவில்லை. 1955-ல்தான் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. 20 ஆண்டுகள்! 1959-ல் இத்தாலிய அசெம்பிளீஸ் ஆப் காட் சபைக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. 1988-ல் அரசுடன் செய்த உடன்படிக்கை சட்டமாயிற்று.

அந்த 20 ஆண்டுகளும் சபை எங்கே உயிரோடிருந்தது? வீடுகளில் இருந்தது. கதவைத் தட்டினவரை உள்ளே விட்ட குடும்பங்களில் இருந்தது. திறந்த ஒவ்வொருவரும் காவல்துறையை நினைத்துக்கொண்டே திறந்தார்கள்.

பவுல் இறங்கிய துறை

இப்பொழுது பொட்சுவோலிக்குச் செல்வோம். நேப்பிள்ஸின் மொன்தேசாந்தோ நிலையத்திலிருந்து கும்பானா என்னும் சிறு ரயில் அங்கே செல்கிறது. பவுலின் காலத்தில் இது இத்தாலியின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. எகிப்தின் கோதுமையை ஏற்றிவந்த அலெக்சந்திரியா பட்டணத்துக் கப்பல்கள் இங்கேதான் வந்து நின்றன. ரோமாபுரி உண்ட அப்பத்துக்கு வழி இதுவே.

இவ்வூரின் பெயரை நீங்கள் அறியாமலே பலமுறை கண்டிருக்கிறீர்கள். கட்டட வேலை செய்யும் சகோதரர்கள் சுமக்கிற சிமென்ட் மூட்டைகள் பலவற்றில் 'போர்ட்லண்ட் போஸோலானா' என்று அச்சிட்டிருக்கும். இந்தப் பட்டணத்துச் சுற்றுப்புறத்தின் எரிமலைச் சாம்பலுக்கு ரோமர் இட்ட பெயரிலிருந்து வந்த சொல் அது. அச்சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால் தண்ணீருக்கு அடியிலும் இறுகும் என்பதை அவர்கள் கண்டறிந்து, கடலுக்குள் அணைகளைக் கட்டினார்கள்.

ஊரின் நடுவே பழைய ரோமச் சந்தையின் மூன்று பளிங்குத் தூண்கள் நிற்கின்றன. அவற்றை உற்றுப் பாருங்கள். தரையிலிருந்து ஏறத்தாழ 12 அடிவரை தூண் வழவழப்பாக இருக்கிறது. அதற்கு மேல் சுமார் 9 அடி உயரத்துக்கு எண்ணற்ற துளைகள். கடலில் வாழும் ஒருவகைச் சிப்பி குடைந்த துளைகள் அவை. வறண்ட நிலத்தில் நிற்கும் தூணில் கடற்சிப்பி எப்படி ஏறியது? தூண் நின்ற நிலமே கடலுக்குள் தாழ்ந்து, பின்பு மறுபடியும் எழும்பியிருக்கிறது. பூமிக்கடியில் உள்ள எரிமலையின் இயக்கத்தினால் இங்கே நிலம் உயர்வதும் தாழ்வதுமாக இருக்கிறது. 1970-ல் கடலையொட்டிய மேட்டுக்குடியிருப்பின் மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். 1982-க்கும் 1984-க்கும் இடையே நிலம் ஏறக்குறைய 1.8 மீட்டர் உயர்ந்தது. ஆயிரக்கணக்கானோர் வேறிடம் சென்றார்கள். 2005 முதல் நிலம் மீண்டும் உயர்ந்துவருகிறது. 2024-லும் 2025-லும் நிலநடுக்கங்கள் ஊரை அசைத்தன.

ரோமர் கட்டிய துறைமுகத்தின் பெரும்பகுதி இன்று தண்ணீருக்குள் இருக்கிறது. பவுல் கால்வைத்த கல்லை உங்களுக்கு யாரும் காட்ட முடியாது. அப்படியானால் நிலைத்திருப்பது எது? ஒரு வீட்டார் காட்டிய அன்பு நிலைத்திருக்கிறது. அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. சுவிசேஷம் அவர்களுக்கு யார் மூலம் வந்தது என்றும் வேதம் சொல்லவில்லை. அவர்களும் ஒருவேளை வியாபாரத்துக்கோ பிழைப்புக்கோ அந்தத் துறைமுகத்தில் குடியேறியவர்களாக இருக்கலாம். இராயனிடத்தில் அபயமிட்ட ஒரு கைதி வந்து இறங்குகிறார். கூடவே நூற்றுக்கு அதிபதியும் சேவகரும் நிற்கிறார்கள். ஒதுங்கிக்கொள்ள நல்ல காரணங்கள் இருந்தன. அவர்களோ தங்கும்படி வேண்டிக்கொண்டார்கள்; ஒரு வேளை உணவுக்கல்ல, ஏழு நாளுக்கு.

அந்த ஏழு நாட்களுக்குள் செய்தி ரோமாபுரியை எட்டியிருக்க வேண்டும். ஏனெனில் பவுல் அப்பியன் சாலை வழியே நடந்துவந்தபோது, ரோமாபுரியிலிருந்த சகோதரர் 60 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அப்பியுபுரம்வரை அவரை எதிர்கொண்டு வந்தார்கள். அவர்களைக் கண்டு பவுல் தேவனை ஸ்தோத்திரித்துத் தைரியமடைந்தார் என்று வாசிக்கிறோம். கப்பற்சேதத்திலும் கலங்காதிருந்த பவுலுக்கும் தைரியம் தேவைப்பட்டது. அதைச் சகோதரரின் முகங்கள் கொடுத்தன.

உங்கள் பட்டணத்திலும்

பிரியமானவர்களே, நீங்கள் முதன்முதலில் இந்தப் பட்டணத்தில் வந்திறங்கிய நாளை நினைத்துப்பாருங்கள். தாதரோ, நிஜாமுதீனோ, யஷ்வந்த்பூரோ, ரயிலைவிட்டு இறங்கிப் பாஷை தெரியாமல் நின்றீர்களே, அன்று உங்களைத் தேடி வந்தவர் யார்? யாருடைய ஒற்றை அறையில் பாய் விரித்துப் படுத்தீர்கள்? அவர் பெயரை உங்கள் பிள்ளைகள் அறிவார்களா?

இன்று உங்கள் நிலை மாறியிருக்கலாம். சொந்த வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளி, சபையில் ஒரு பொறுப்பு ஆகியவற்றைக் கர்த்தர் தந்திருக்கிறார். ஆனால் புதியவர்கள் வருவது நிற்கவில்லை. கடன்பட்டு வந்தவர், அறை முன்பணத்துக்கு வழியில்லாதவர், முதல் மாதச் சம்பளம் வரும்வரை யாரிடம் கேட்பது என்று அறியாதவர், நம் ஆராதனையில் பின்வரிசையில் வந்து உட்காருகிறார். நாம் கைகுலுக்கி, "ஸ்தோத்திரம் பிரதர்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்கிறோம். அவரைக் குறித்து ஊரில் விசாரிக்க வேண்டும், நம் வீட்டில் இடமில்லை, காலம் கெட்டுக்கிடக்கிறது என்று நமக்கும் நல்ல காரணங்கள் இருக்கின்றன. விசாரிப்பதில் தவறில்லை. ஆனால் விசாரித்து முடிக்கும்வரை அவர் எங்கே சாப்பிடுவார்?

எல்லாராலும் ஏழு நாள் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாதிருக்கலாம். சபையில் ஏழு குடும்பங்கள் ஆளுக்கொரு நாள் எடுத்துக்கொண்டால் அதுவும் ஏழு நாள்தான். வேலைக்குச் செல்லும் வழியைக் காட்டுவது, இந்தியில் ஒரு விண்ணப்பம் எழுதிக்கொடுப்பது, நம்பிக்கையான அறை ஒன்றைத் தேடித்தருவது, இவையும் பவுலைத் தைரியப்படுத்தினவர்கள் செய்த ஊழியத்தின் பங்கே.

நேப்பிள்ஸுக்குப் போகும் வாய்ப்பு உங்களில் சிலருக்கே கிடைக்கும். புத்தேயோலிக்குப் போகும் வாய்ப்போ எல்லாருக்கும் உண்டு. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபின்பு, கடைசி வரிசையில் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தால், அவரருகே சென்று, "மத்தியானம் எங்கே சாப்பிடுகிறீர்கள்?" என்று கேளுங்கள். கர்த்தர்தாமே உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.